கடித்த வௌவாலைக் கட்டி வைத்தீர்களா?

எங்கள் வீட்டில் வௌவால் இருந்தது என்று சொல்வது சரியல்ல. வௌவால்களின் வீட்டில் நாங்கள் இருந்தோம். நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே என் கணவரின் தகப்பனார் கட்டிய பழைய ஓட்டு வீடு அது. சுவர் முடிந்து ஓடு தொடங்கும் இடத்தில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு நீளமாக ஓர் இடைவெளி. அதற்குள், சீலிங் பலகைக்கு மேலே, அவை நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. வீட்டுக்கு வருபவர்கள் வாசலிலேயே மூக்கைச் சுளிப்பார்கள். கலியாணம் கட்டி வந்த முதற் கிழமையில் நானும் என் கணவரின் தமக்கையிடம் கேட்டேன், "மச்சாள், இது என்ன மணம்?" என்று. "என்ன மணம்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருந்தவருக்கு அது மணமாகவே தெரியவில்லை. ஒரு வருடத்தில் எனக்கும் தெரியாமற் போய்விட்டது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு விலங்கியல் படிப்பித்தேன். என் கணவர் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர். எதற்கும் பதறாத மனிதர். அதுதான் எனக்கு அவரிடம் பிடித்ததும் பிடிக்காததும். குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் குந்தியிருக்கும்போதே குறட்டை விடுவார். மச்சாள் கலியாணம் கட்டாதவர், கோயிலும் விரதமுமாக இருந்தவர். நானோ ஓரிடத்தில் நிற்கமாட்டாதவள். பாடம் நடத்தும்போதும் வகுப்பைச் சுற்றி நடப்பேன். சோறு வேகும் நேரத்துக்குள் மூன்று தரம் மூடியைத் திறந்து பார்ப்பேன்.

கோயில் மருதமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களை எல்லோருக்கும் தெரியும். எங்கள் முகட்டில் இருந்தவை வேறு. கைக்குள் அடங்கிவிடும் உடம்பு, புகை படிந்த கபில நிறம், முகத்துக்கு மேலே கவிந்த தடித்த காதுகள், சுருங்கிய மேலுதடு. மற்றப் பெரும்பாலான பூச்சிதின்னி வௌவால்களுக்கு வால் கால்களுக்கு நடுவே உள்ள தோலுக்குள்ளேயே முடிந்துவிடும். இவற்றுக்கோ பாதி வால் தோலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், எலி வால் மாதிரியே. பொழுதுபடும் நேரம் ஒவ்வொன்றாக இடைவெளியிலிருந்து கீழே விழும். விழுகிற வேகத்திலேயே சிறகை விரித்துப் பனைக்கும் மேலே போய்விடும். இறக்கை ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருப்பதால் நிலத்திலிருந்து அவற்றால் எழும்ப முடியாது. உயரத்திலிருந்து விழுந்தால்தான் பறப்பு. விடிந்ததும் முற்றத்தில் கிடக்கும் எச்சத்தை ஈர்க்கால் கிளறினால் வண்டுச் சிறகுகள் மினுங்கும். ஆபிரிக்காவிலிருந்து இந்தியா வழியாக இந்தத் தீவு வரைக்கும் இந்த இனம் பரவியிருப்பதாகப் படித்திருந்தேன். எங்களுக்கென்றால் குடாநாட்டை விட்டுக் கிளாலிக் கடலைத் தாண்டுவதற்கே பாஸ் எடுக்க வேண்டியிருந்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆடி மாதம் அது நடந்தது. பகல் நேரம். பொம்பர் சத்தம் கேட்டு மூவரும் பங்கருக்குள் இறங்கினோம். குண்டு எங்கேயோ தள்ளித்தான் விழுந்தது. ஆனாலும் ஓடுகள் எல்லாம் ஒருமுறை குலுங்கி அடங்கின. வெளியே வந்து பார்த்தால் முற்றம் நிறைய வௌவால்கள். இறக்கையை மடித்து முழங்கையால் ஊன்றி ஊன்றித் தவழ்ந்துகொண்டிருந்தன. மரத்தில் காகங்கள் வந்து கூடிவிட்டன. மச்சாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கூட்டாதேங்கோ மச்சாள். உதுகளாலை நிலத்தில இருந்து எழும்ப ஏலாது. தூக்கி மரத்தில விட்டால் ஏறிப் போய் விழுந்து பறக்குங்கள்."

"விழுந்து பறக்கிறதோ? நல்ல கதை."

அதற்குப் பிறகு என்னைப் பிடித்து நிறுத்த முடியுமா? சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தென்னை மரத்தில் ஒட்டவைத்தேன். அவை நகத்தால் பற்றிக்கொண்டு விறுவிறுவென்று ஏறி, ஓராள் உயரம் போனதும் கையை விட்டு, மண்ணைத் தொட முன்னம் சிறகடித்து எழும்பின. மச்சாள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அந்தப் பெருமையில், கடைசியாகக் கிடந்ததைத் தலைப்பு இல்லாமல் வெறுங்கையால் தூக்கி வாலை அவருக்குக் காட்டினேன். அது என் மோதிர விரலைக் கவ்விக்கொண்டது. உதறினால் அதற்கு அடிபடுமே என்று உதறாமல், மரத்தடிக்குப் போய் அது தானாக விடும் வரைக்கும் நின்றேன். பிறகு அதுவும் ஏறி, விழுந்து, பறந்து போய்விட்டது.

விரலில் ஊசி குத்தியது போல் இரண்டு புள்ளிகள். அவ்வளவுதான். மற்ற ஆட்கள் என்றால் சேலையில் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நான் படித்தவள் ஆயிற்றே. அமெரிக்கப் பக்கத்து வௌவால்களில் விசர் நோய் இருக்கிறது, நாய் கடித்தால் வரும் அதே நோய், வந்த பின் மருந்து இல்லை என்று எங்கோ படித்த வரிகள் அந்த நிமிடமே தலைக்குள் எழும்பின. சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சவர்க்காரத்துக்கு எங்கே போவது? பொருளாதாரத் தடைக் காலம். நாங்கள் பனங்களியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தோம். நான் கிணற்றடியில் கத்திய கத்தலில், தேர்த் திருவிழாவுக்கு முழுகவென்று பெட்டகத்துக்குள் ஒளித்து வைத்திருந்த வாசனைச் சவர்க்காரத்தை மச்சாள் கொண்டு வந்தார். அதில் பாதியைக் கரைத்து முடித்துவிட்டுத்தான் விரலை விட்டேன். மச்சாள் மிச்சப் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடம்பெயர்ந்து போனவர்கள் விட்டுப்போன நாய்கள் தெருத்தெருவாக அலைந்த காலம். நாய்க்கடிக்காரர் வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால், மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த தாயொருத்தி தன் மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கன்னத்தில் பெரிய கட்டு. அவள் என் விரலையே பார்த்துவிட்டு, "ரீச்சரையும் நாய் கடிச்சதோ?" என்றாள். வௌவால் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓம் என்றேன்.

வைத்தியர் களைத்துப் போயிருந்தார். நாய்க்கடிக்கு வந்த எல்லோரிடமும் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வியை, தலை நிமிராமல் என்னிடமும் கேட்டார். "கடிச்சதைக் கட்டி வைச்சிருக்கிறியளோ?"

அதுதான் எங்கள் ஊர் முறை. கடித்த நாயைக் கட்டி வைத்துச் சோறு போட்டுப் பத்து நாள் பார்ப்பது. நாய் சுகமாக இருந்தால் ஊசி தேவையில்லை.

"வௌவால், டொக்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வௌவாலோ? அது எங்கை?"

"பறக்க விட்டிட்டன்."

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அவரை அந்த இடத்திலேயே அடிக்கலாம் போலிருந்தது. வைத்தியர் சிரிக்கவில்லை.

"இஞ்சை வௌவாலுக்கு அந்த நோய் இருக்கெண்டு நான் கேள்விப்படேல்லை. இல்லையெண்டும் சொல்ல மாட்டன். மருந்து கப்பலில வரவேணும். இருக்கிறது அந்தப் பிள்ளைக்குத்தான் காணும். முகத்துக் கடி, கெதியா மூளைக்கு ஏறும்."

"ஓம், அவளுக்கே குடுங்கோ" என்று வாய் சொன்னது. மனது சொல்லவில்லை. அந்தப் பிள்ளை மேல் எனக்கு வந்தது கோபம், சுத்தமான கோபம். அவளுடைய தாயைப் பார்க்காமல் எழுந்து வந்தேன்.

"எவ்வளவு நாளைக்குப் பாக்கவேணும்?" என்று வாசலில் நின்று திரும்பிக் கேட்டேன்.

"கிழமையிலயும் வரும். மாதத்திலயும் வரும். வருசம் கழிச்சும் வந்திருக்கெண்டு சொல்லுகினம்."

இதை என்னைப் போல ஒருத்தியிடம் சொல்லலாமா? சோற்றுப் பானைக்கே பொறுமை இல்லாதவளிடம்?

வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். கடித்த ஒன்றைக் கட்டி வைக்க முடியாது. எது கடித்தது என்றே தெரியாது. அப்படியென்றால் முகடு முழுவதையும் பார்ப்பதுதான் வழி. ஒன்றுக்கு நோய் என்றால், நெருக்கியடித்துக் கிடக்கும் மற்றவற்றுக்கும் தொற்றும், விழும், சாகும். ஆகவே நாள்தோறும் பொழுதுபடப் போய் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். நேராக விழுகிறதா, தடுமாறுகிறதா, ஒன்றையொன்று கடிக்கிறதா? விடிந்ததும் எச்சத்துக்கு நடுவே செத்தது ஏதும் கிடக்கிறதா? ஒருநாள் அப்படி நிற்கும்போது கெலிகொப்டர் வந்துவிட்டது. என் கணவர் பங்கர் வாசலில் நின்று கூப்பிட்டார், நான் அசையவில்லை. ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"உமக்கென்ன விசரோ?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு விளங்கியது. பங்கருக்குள் அன்று குறட்டைச் சத்தம் கேட்கவில்லை.

மச்சாள் தன் பங்குக்கு வேறொன்று சொன்னார். விசர் நாய் கடித்தவர்கள் தண்ணீருக்குள் பார்த்தால் அந்த நாய் தெரியுமாம். "உமக்குக் கிணத்துக்குள்ளை வௌவால் தெரியுதோ?" என்று அக்கறையோடுதான் கேட்டார். நான் விலங்கியல் ஆசிரியைக்குரிய சிரிப்பொன்று சிரித்தேன். மறுநாள் காலை தண்ணீர் அள்ளும் சாட்டில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. அதற்கு மறுநாளும் பார்த்தேன். பிறகு அது பல் விளக்குவது போல ஆகிவிட்டது.

இவை போதாதென்று என் கணவர் புதுப் பழக்கமொன்றைத் தொடங்கினார். காலையில் தேத்தண்ணிக்கு முன்னம் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் கொண்டு வந்து நீட்டுவார். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். "வெறுவயித்தில தண்ணி குடிச்சால் நல்லதாம்" என்றார். கச்சேரியில் யாரோ சொல்லிக் கொடுத்த வைத்தியம் என்று நினைத்தேன். எனக்கிருந்த எரிச்சலில் அவசர அவசரமாக விழுங்கிவிட்டுத் தம்ளரை அவர் கையில் திணிப்பேன். விரல் நமநமக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்த மனிதருக்கு வயிற்றைப் பற்றிய கவலை!

புரட்டாதியில் ஒரு காலை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் கறுப்பாக, இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு வௌவால் தெரிந்தது.

கண்ணை மூடித் திறந்தேன். அப்போதும் தெரிந்தது. கயிறு கையிலிருந்து நழுவி வாளி தொபுக்கென்று விழுந்தது. நான் ஓடிப்போய், கரியால் பல் விளக்கிக்கொண்டிருந்த என் கணவரை இழுத்து வந்தேன். என்ன கண்டேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அவரும் ஏதாவது கண்டதாகச் சொல்லி என்னைத் தேற்றிவிடுவார்.

"இஞ்சேருங்கோ, உதுக்குள்ளை என்ன தெரியுது?"

அவர் நிதானமாக எட்டிப் பார்த்தார். "தண்ணி தெரியுது. உம்மடை வாளியும் தெரியுது. வேறென்ன தெரியவேணும்?"

நான் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். தொடங்கிவிட்டது. இனி நான் யாரைக் கடிப்பேனோ, யாரைப் பிறாண்டுவேனோ. வெளியே இருப்பது இந்த இரண்டு பேரும்தான். மச்சாள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தார். உயர்தரப் பிள்ளைகளுக்கு இன்னும் குருதிச் சுற்றோட்டம் முடியவில்லை, அதை யார் முடிப்பார்கள் என்று ஒரு யோசனை. முப்பத்தைந்து வயதில் இதென்ன சாவு என்று ஓர் ஆத்திரம். மேசையில், பல் விளக்கிய பிறகு எனக்கு நீட்டுவதற்கென்று என் கணவர் ஆயத்தமாக வைத்திருந்த தம்ளர் தண்ணீர் இருந்தது. எடுத்துக் குடித்தேன். அழுதுகொண்டே குடித்ததில் புரைக்கேறியது. தொண்டை அடைக்கிறது, விசர் நோய்க்காரருக்குத் தண்ணீர் இறங்காது என்பதும் சரி என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் யன்னலுக்கு வெளியே நின்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை.

"இஞ்சேர்! கதவைத் திறவும். உம்மடை முகட்டுக்காரர் வாளிக்குள்ளை வந்திட்டார்!"

உண்மையான வௌவால்தான். தண்ணீர் குடிக்கத் தாழப் பறந்து விழுந்திருக்க வேண்டும். நான் அவரைக் கூட்டி வரப் போன நேரத்தில் நீந்திக் கரைக்குப் போய்க் கல் வெடிப்புக்குள் பதுங்கியிருக்கிறது. நான் விட்ட வாளியை அவர் மேலே இழுத்தபோது வெடிப்பிலிருந்து நழுவி அதற்குள் விழுந்திருக்கிறது. நான் கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி முற்றத்துக்கு ஓடினேன். சிரிப்பு அங்கேயே நின்றது. அவர் அதை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு தென்னையடியில் நின்றார். நனைந்த எலி வால் அவருடைய விரலிடுக்கால் தொங்கிக்கொண்டிருந்தது.

"தொடாதேங்கோ!"

"நிலத்தில விட்டால் எழும்ப மாட்டாது எண்டு நீர்தானே சொன்னனீர்" என்று அதை மரத்தில் ஒட்டவைத்தார். அது மெல்ல மெல்ல ஏறி, விழுந்து, வாழைகளுக்கு மேலால் பறந்து போனது. அவர் கையைச் சாரத்தில் துடைத்தார்.

"என்ன அது?"

"ஒண்டுமில்லை. நகம் பட்டிருக்கும்."

பெருவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். மச்சாளின் மிச்சப் பாதிச் சவர்க்காரமும் அன்றோடு கரைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனோம், இந்த முறை யாருக்குமே கொடுக்க மருந்து இல்லை. வைத்தியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டி வைத்தீர்களா என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் விரலை நான் மறந்துபோனேன். அவருடைய கையைத்தான் பார்த்தேன். தும்மினால் பார்த்தேன், தலையிடி என்றால் பார்த்தேன். எனக்குத் தம்ளர் நீட்டுகிறவர் தானும் குடிக்கிறாரா என்று பார்த்தேன். அவர் குடித்தார், வழக்கம் போல நிதானமாக.

ஐப்பசி முடிகிற நேரத்தில், ஆமி முன்னேறி வருகிறது, எங்கள் பகுதியான வலிகாமத்தை விட்டு எல்லோரும் உடனே வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மச்சாள் சுவாமிப் படத்தை எடுத்தார், நான் பாடக் குறிப்புகளை எடுத்தேன், அவர் சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டினார். வீட்டைப் பூட்டும்போது முகட்டுக்குள் சிணுங்கல் கேட்டது. பொழுதுபடும் நேரம், வெளிக்கிட ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. விடிந்தால் திரும்பி வந்துவிடுவார்கள் அவர்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

விடியும்போது வலிகாமத்தைக் கடக்கும் நாவற்குழிப் பாலத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. எத்தனை சனம்! மழை. ஓரடி வைத்தால் ஒரு யுகம் நிற்க வேண்டும். நிற்கவே தெரியாத என்னை அந்தத் தெரு நிற்க வைத்தது. கொண்டு வந்த போத்தல் தண்ணீரில் கொஞ்சம்தான் மிச்சம். மச்சாள் குடித்துவிட்டு என் கணவரிடம் நீட்டினார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம்."

"குடியுங்கோ" என்றேன் நான்.

"வேண்டாமெண்டால் விடுமன்."

அவர் என்னோடு அப்படிப் பேசுகிறவர் அல்ல. முகம் வெளிறியிருந்தது. தண்ணீரைக் கண்டு முகத்தைத் திருப்புகிறாரே, தொண்டை அடைக்கிறதா, வெளிச்சம் பிடிக்கவில்லையா? அவ்வளவு சனத்துக்கு நடுவே எனக்கு வேறு யாரும் தெரியவில்லை. அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எத்தனையோ பேர் எத்தனையோ இழந்துகொண்டிருந்த தெருவில், அந்தக் கழுத்து ஒருமுறை விழுங்கினால் போதும் என்றிருந்தது எனக்கு.

மழை இன்னும் உரத்தது. முன்னால் போனவர்கள் குடைகளைத் தலைகீழாக விரித்துத் தண்ணீர் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். கறுப்புத் துணிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்ந்தது. மச்சாளின் முகத்துக்கு நேரே போகாமல் என் கணவரின் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன்.

"இது மழைத்தண்ணி. ஒருத்தருக்கும் குறையாது. குடியுங்கோ."

அவர் சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு இரண்டு கையாலும் குடையின் விளிம்பைப் பிடித்தார். வாயை வைத்தார். குடித்தார். கழுத்து மேலும் கீழும் போனது. மூச்சு விடாமல், தாடையால் வழிய வழிய, அந்த நிதானமான மனிதர் மாடு மாதிரிக் குடித்தார். மச்சாளுக்குக் காணாதென்றுதான் போத்தலை வேண்டாம் என்றிருக்கிறார். மச்சாள் தன் கையிலிருந்த போத்தலைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னும் குடியுங்கோ" என்றேன்.

"காணும். இப்ப நீர் குடியும்." குடையை வாங்கித் தண்ணீர் சேரும் வரை பிடித்து என் பக்கம் சரித்தார். பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். அவர் நகரவில்லை. தம்ளரை நீட்டிவிட்டு நிற்பாரே, அதே நிலை, அதே பார்வை. ஆடி மாதத்திலிருந்து காலை தவறாமல் அவர் என் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்று அந்தத் தெருவில்தான் எனக்கு விளங்கியது.

"குடியுமன். நான் பாக்கிறன்."

அன்றைக்கு மட்டும் நான் அவசரப்படவில்லை. அவர் நன்றாகப் பார்க்கும்படி, மிடறு மிடறாக, குடையில் இருந்த எல்லாவற்றையும் குடித்தேன்.